களத்து மரக்காலும் கரும்பலகையும்



மன்றத்தின் நினைவுச் சொற்பொழிவு என்றால் கவிதை, தன்வரலாறு, நாட்டார் வழக்காறு என்று ஏதேனும் ஒன்றைப் பேசுவோம் என எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நாங்கள் கணக்குப் பாடத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். பள்ளியில் கணிதம் கட்டாயப் பாடமாக இருக்க வேண்டுமா என்ற கேள்வி சில ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப எழுகிறது. பத்தாம் வகுப்பில் அதை விருப்பப் பாடமாக்க முடியுமா என்று 2017இல் பம்பாய் உயர் நீதிமன்றம் கல்வி வாரியங்களைக் கேட்டது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2020 பொதுத்தேர்விலிருந்து கணிதத்துக்கு அடிப்படை நிலை, தர நிலை என இரண்டு வினாத்தாள்களைக் கொண்டுவந்தது. நம் தோழர்களிடையேயும் இந்தப் பேச்சு இருக்கிறது. மாலைநேரப் பயிற்சி மையம் நடத்தும் தோழர்கள் வருத்தத்தோடு சொல்வார்கள்: "நம்ம காலனிப் பிள்ளை பத்தாவதுல நிக்குதுன்னா, பெரும்பாலும் கணக்குலதான் நிக்குது. அந்த ஒரு பாடத்தை எடுத்துவிட்டா மேல போயிடும். எதுக்குக் கட்டாயம்?"

இதை அலட்சியமாக ஒதுக்க முடியாது. முப்பத்தைந்து மதிப்பெண் எடுக்க முடியாமல் பனியன் கம்பெனிக்கும் செங்கல் சூளைக்கும் போன பிள்ளைகளை நாம் எல்லோரும் அறிவோம். ஆனால் ஒரு பாடத்தைக் கைவிடலாம் என்று முடிவெடுக்கும் முன், அந்தப் பாடம் இதுவரை யார் கையில் இருந்தது, நம் கைக்கு எப்படி வந்தது என்று பார்த்துவிட வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலிருந்து தொடங்கலாம். முதலாம் இராசராசன் காலத்தில் நிலம் அளந்த நுட்பத்தைப் பெருமையோடு பேசுவோர் உண்டு. வேலியின் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரை பின்னம் போட்டுக் கணக்கெழுதினார்கள். அவ்வளவு சிறிய துண்டைக் கோல் வைத்து யாரும் அளக்க முடியாது. அது ஓலையில் மட்டும் இருக்கும் அளவு, கணக்கனின் பின்னம். அதே கல்வெட்டுகளில் ஓர் ஊரின் மொத்த நிலத்திலிருந்து வரி கட்டாத நிலங்களைக் கழித்துக் காட்டுகிறார்கள். ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் கம்மாணச்சேரியும் அந்தக் கழித்தலில் வருகின்றன. நாம் அந்தக் கணக்கில் இல்லாமல் இல்லை. கழிக்க வேண்டிய பகுதியாக இருக்கிறோம். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய இந்தக் கழித்தல் கணக்கைப் போட்டவர் யார், போடக் கற்றுக்கொள்ள யாருக்கு இடம் இருந்தது என்பதுதான் எங்கள் கேள்வி.

திண்ணைப் பள்ளியின் பாடத்திட்டம் நமக்குத் தெரியும். எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம். முந்திரி, அரைக்காணி, காணி, மா, மாகாணி, அரைக்கால் என்று பின்னங்களை வாயால் சொல்லிச் சொல்லி நெஞ்சில் பதிப்பார்கள். நெல்லிலக்கம் என்பது முகத்தல் அளவை: ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். செந்தில் பாபு 2022இல் வெளியிட்ட ஆங்கில நூல் இந்த உலகத்தை விரிவாக ஆராய்கிறது. ஊர்க் கணக்கனின் வேலையும் திண்ணைப் பள்ளியின் மனப்பாடமும் எவ்வளவு நெருக்கமானவை என்று அதில் பார்க்கலாம். நிலம் அளப்பது, விளைச்சலைப் பங்கிடுவது, கூலி கணக்கிடுவது, வட்டி போடுவது ஆகியவற்றுக்கான படிப்பு அது. ஊரில் அதிகாரம் செலுத்தத் தேவையான அறிவு என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

அந்தத் திண்ணையில் நம் பிள்ளைகள் இருந்தார்களா? இங்கே ஒரு வாதத்தைச் சந்தித்தாக வேண்டும். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டு எடுத்த கல்விக் கணக்கெடுப்பை தரம்பால் 1983இல் நூலாகத் தொகுத்தார். மன்றோவின் 1826ஆம் ஆண்டுக் குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். பிராமணர், வைசியர், சூத்திரர், பிற சாதியார், முசுலிம் என்று அட்டவணையில் பத்திகள். தமிழ் மாவட்டங்களில் சூத்திரர், பிற சாதியார் பத்திகளில் எண்ணிக்கை அதிகமாக இருப்பதைக் காட்டி, "வெள்ளைக்காரன் வரும்வரை இங்கே எல்லோருக்கும் கல்வி இருந்தது" என்று ஒரு பெரும் பிரச்சாரமே நடந்திருக்கிறது.

அட்டவணையைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். சூத்திரர் என்ற பத்தியில் வேளாளப் பண்ணையாரின் மகனும் உண்டு, சிறு கைவினைஞர் மகனும் உண்டு. "பிற சாதியார்" என்ற பத்தியில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று அந்த அட்டவணை பிரித்துச் சொல்வதில்லை. ஊருக்குள் நடக்கவே தடை இருந்த ஒரு பிள்ளை, ஊர்த்தெருத் திண்ணையில் ஏறி மற்ற பிள்ளைகளோடு மணலில் எழுதியது என்று நிறுவ, பெயரில்லாத ஒரு பத்தி போதாது. எண்களைக் காட்டி நம்மை நம்பச் சொல்கிறார்கள். அந்த எண்களைத் திருப்பிக் கேட்க நமக்கும் அட்டவணை படிக்கத் தெரிய வேண்டியிருக்கிறது. இன்றைய தலைப்புக்கு இது ஒன்றே போதுமான காரணம் என்று எங்களில் சிலர் சொல்வதுண்டு.

நம் மக்களிடம் எண்ணறிவு இல்லை என்று இதற்குப் பொருளில்லை. வள்ளுவர் குடியினர் கோள் கணித்து நாள் குறித்தார்கள். நாற்று முடிகளை எண்ணி வயலுக்கு இத்தனை என்று பிரித்துப் போடும் பெண்களின் மனக்கணக்கை நம் அம்மாக்களிடம் பார்த்திருக்கிறோம். ஊர் எல்லையில் தகராறு வந்தால் பறையரை அழைத்து, தலையில் தண்ணீர்க் குடத்தோடு எல்லையை நடந்து காட்டச் சொல்வார்கள் என்ற செய்தி, தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட சாதிகள் பற்றிய தொகுதிகளில் பதிவாகியிருக்கிறது. எல்லை அவர் காலுக்குத் தெரியும். அந்த எல்லைக்குள் எத்தனை குழி, யார் பெயரில் எத்தனை மா என்பது மட்டும் கர்ணத்தின் கையில் இருந்தது. அதை எழுதவோ படிக்கவோ அவருக்கு வழியில்லை.

இந்தப் பிரிவினை என்ன செய்தது என்று பார்க்கக் களத்துமேட்டுக்குப் போக வேண்டும். நெல் அளக்கும்போது முதல் மரக்காலை "ஒன்று" என்று சொல்ல மாட்டார்கள். "லாபம்" என்பார்கள், பிறகு ரெண்டு, மூணு. யாருக்கு லாபம் என்று கேட்டவர்கள் நம் பாட்டன்மார்கள். பண்ணையார் வீட்டில் இரண்டு மரக்கால் இருக்கும் என்பது கீழத்தஞ்சையில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. வாங்க ஒன்று, கொடுக்க ஒன்று. எட்டு நாழி பிடிக்க வேண்டிய மரக்கால் ஏழரை நாழிதான் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவுக்கு அரை நாழி குறைவு, அதாவது பதினாறில் ஒன்று, ஒரு வீசம். பதினாறு மரக்கால் கூலி அளந்தால் ஒரு மரக்கால் நெல் காணாமல் போகிறது. பார்த்தால் தெரியாது. கணக்குப் போட்டால்தான் தெரியும்.

1940களில் பி. சீனிவாசராவ் முதலிய தோழர்கள் கீழத்தஞ்சையில் விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டியபோது வைத்த கோரிக்கைகளை நினைத்துப் பாருங்கள். சவுக்கடி கூடாது, சாணிப்பால் புகட்டக் கூடாது என்பவை நமக்கெல்லாம் தெரியும். அவற்றோடு இன்னொன்றும் இருந்தது. கூலியை அரசு முத்திரையிட்ட மரக்காலில் அளக்க வேண்டும். சவுக்குக்கு இணையாக மரக்காலையும் அந்தத் தொழிலாளர்கள் வைத்தார்கள். 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதற்குப் பின்னணியில் கூலி நெல்லை உயர்த்திக் கேட்ட போராட்டம் இருந்தது. அளவையைப் பற்றிய தகராறு இந்த மண்ணில் உயிர் குடித்திருக்கிறது.

கல்வியும் நிலமும் சேர்ந்தே நம் கோரிக்கையாக இருந்தன என்பதற்கு அயோத்திதாசர் சாட்சி. 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் அவர் முன்வைத்தவற்றில் நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வி, தரிசு நிலம் ஆகிய இரண்டும் உண்டு. அதே ஆண்டில்தான் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீரின் அறிக்கையைத் தொடர்ந்து பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கான அரசாணை வந்தது. அந்த நிலங்கள் பின்னால் எப்படிக் கைமாறின என்ற கதையில் கைநாட்டுக்கும் கடன் கணக்குக்கும் உள்ள பங்கு சிறியதல்ல. கொடுத்த முதல் எவ்வளவு, ஏறிய வட்டி எவ்வளவு, அடைத்தது போக மீதி எவ்வளவு என்பதெல்லாம் கொடுத்தவர் நோட்டில் மட்டும் இருந்தது. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையும், வட்டியைச் சரிபார்க்கத் தெரிந்த ஒரு பிள்ளையும் வீட்டில் இருந்திருந்தால் எத்தனை காணி மிஞ்சியிருக்கும்!

அம்பேத்கரைப் பற்றிப் பலமுறை சொல்லப்பட்ட ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. பம்பாய் எல்பின்ஸ்டன் பள்ளியில் ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு வந்து கணக்கு ஒன்றைப் போடச் சொல்கிறார். வகுப்பில் கூச்சல் எழுகிறது. பலகைக்குப் பின்னால் சாதி இந்துப் பிள்ளைகள் வைத்திருந்த சாப்பாட்டுப் பெட்டிகள் தீட்டாகிவிடும் என்று ஓடிவந்து எடுக்கிறார்கள். பெட்டிகளை எடுத்த பிறகுதான் அவர் பலகையைத் தொட முடிந்தது. இதை நாம் அவமானத்தின் கதையாகவே சொல்லி வந்திருக்கிறோம். அந்தப் பையன் பிறகு ரூபாயின் சிக்கலைப் பற்றி லண்டனில் ஆய்வு செய்து 1923இல் நூலாக்கினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1927இல் பம்பாய் சட்டமன்றத்தில் கல்வி மானியம் பற்றிப் பேசியபோது, அரசு தலைக்கு எவ்வளவு கல்விக்குச் செலவிடுகிறது, கலால் வரியாகத் தலைக்கு எவ்வளவு வசூலிக்கிறது என்று இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினார். அவருடைய கோபத்துக்கு எப்போதும் ஓர் அட்டவணை துணை நின்றது.

இப்போது "விருப்பம்" என்ற சொல்லுக்கு வருவோம். 1953இல் இராசாசி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பள்ளி நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்தது. மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. நாம் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்தோம். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் எதிர்த்தார்கள், 1954இல் முதல்வரான காமராசர் அதைக் கைவிட்டார். அந்தத் திட்டத்தை ஆதரித்தவர்களின் மொழியை இன்று படித்தால் வியப்பாக இருக்கும். பிள்ளைக்குப் பாடச் சுமை குறையும், வாழ்க்கையோடு ஒட்டிய கல்வி கிடைக்கும், எல்லோரும் எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை என்ற தொனி. கணிதத்தை விருப்பப் பாடமாக்குவோர் இன்று பேசுவதும் ஏறக்குறைய இதே தொனியில்தான். அவர்கள் எல்லோருக்கும் கெட்ட எண்ணம் என்று நாங்கள் சொல்லவில்லை. கற்றல் குறைபாடுள்ள குழந்தைகளுக்காகப் பேசுவோரின் கோரிக்கை நேர்மையானது. அந்தக் குழந்தைகளுக்குத் தனி ஏற்பாடு வேண்டும் என்பதில் மறுபேச்சில்லை. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: அப்பாவின் தொழில் என்ன, வீட்டில் யார் படித்திருக்கிறார்கள், பள்ளியில் கணக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்பதெல்லாம் தீர்மானித்த பிறகு மிச்சமிருப்பதற்கு "விருப்பம்" என்று பெயர் வைக்கலாமா?

இரண்டு தர ஏற்பாடு நமக்குப் புதிதும் அல்ல. பழைய பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. காலத்தில் ஜெனரல் மேத்ஸ், காம்போசிட் மேத்ஸ் என்று இரண்டு இருந்தன. "உனக்கெதுக்கு காம்போசிட்? ஜெனரல் எடு, பாஸாவது ஆவே" என்று அக்கறையாகவே சொன்ன ஆசிரியர்களைப் பற்றி நம் மூத்தவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். பதினான்கு வயதில் சொன்ன அந்த அக்கறையான வார்த்தை, பதினெட்டு வயதில் பொறியியல் கல்லூரியின் கதவைச் சாத்தியது. பத்தாம் வகுப்பு வரை கணிதமும் அறிவியலும் எல்லோருக்கும் கட்டாயம் என்று கோத்தாரிக் குழு 1966இல் பரிந்துரைத்தது. அதற்கு அது சொன்ன காரணம் பெரும்பாலும் நாட்டு வளர்ச்சி, தொழில்நுட்பம் சார்ந்தது. சமூக நீதியை நினைத்து அவர்கள் அதைச் செய்யவில்லை என்றாலும், முதல் தலைமுறைப் பிள்ளைக்கு அது ஒரு கதவைத் திறந்து வைத்தது என்பதே எங்கள் மதிப்பீடு.

இராமானுசனை இங்கே யாராவது இழுப்பார்கள் என்று தெரியும். கட்டாயப் பாடமான ஆங்கிலத்தில் தோற்று, கும்பகோணம் கல்லூரியின் உதவித்தொகையை இழந்தவர் அவர். எஃப்.ஏ. தேர்வை அவர் கடைசிவரை தேறவில்லை. உண்மைதான். ஆனால் தோற்ற இராமானுசனைத் தூக்கிவிட ராமசாமி ஐயர் இருந்தார், சேசு ஐயர் இருந்தார், மாதாமாதம் பணம் தர ராமச்சந்திர ராவ் இருந்தார், துறைமுகக் கழகத்தில் நாராயண ஐயர் இருந்தார். நம் பிள்ளை தோற்றால் தாங்கிப் பிடிக்க அப்படி ஒரு வலை கிடையாது. அதற்குச் சான்றிதழும் சட்டமும்தான் வலை.

கடல் கடந்தும் பார்க்கலாம். 1972இல் தலித் பேந்தர்கள் தங்கள் பெயரை எங்கிருந்து எடுத்தார்கள் என்பது நமக்குத் தெரியும். அந்தக் கறுப்பின மக்களின் போராட்டத்தில் பாப் மோசஸ் என்றொருவர். 1961இல் மிசிசிப்பி போய், கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க உழைத்தவர், அதற்காக அடிபட்டவர். எழுதப் படிக்கத் தெரியுமா என்று சோதித்துத்தான் அங்கே வாக்குரிமையை மறுத்தார்கள். பள்ளியைக் கெடுத்து வைத்தவர்களே படிக்கவில்லை என்று காரணம் காட்டினார்கள். அங்குள்ள குத்தகை உழவர்களும் ஆண்டு முடிவில் வெள்ளைப் பண்ணையாரின் நோட்டுக்கு முன்னால்தான் நின்றார்கள், பருத்தி விற்ற பிறகும் கடன் மீதி இருக்கும். மோசஸ் பிறகு தான்சானியாவில் கணித ஆசிரியராக இருந்தார். அமெரிக்கா திரும்பி 1982 முதல் அல்ஜீப்ரா திட்டம் என்பதைக் கட்டினார். அன்று வாக்குச் சீட்டு என்றால் இன்று இயற்கணிதம், இது குடியுரிமைப் பிரச்சினை என்பது அவர் வாதம். ரயிலில் பிள்ளைகளைக் கூட்டிப் போய், நிலையங்களை முன்னும் பின்னும் எண்ணவைத்து, மிகை எண் குறை எண்களைச் சொல்லிக்கொடுத்தார். 2021இல் இறக்கும்வரை அந்த வேலையை விடவில்லை.

அதே நாட்டில் சான் பிரான்சிஸ்கோ நகரம் வேறொன்றைச் செய்து பார்த்தது. சமத்துவத்தின் பெயரால் 2014இல் எட்டாம் வகுப்பிலிருந்து இயற்கணிதத்தை எடுத்துவிட்டது. வசதியுள்ள வீடுகள் வெளியில் பணம் கட்டித் தங்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்தன. 2024இல் நகர வாக்காளர்கள் அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி வாக்களித்தார்கள். பொதுப்பள்ளியிலிருந்து ஒரு பாடத்தை எடுத்தால் அது மறைந்துவிடுவதில்லை. டியூஷன் சென்டருக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

நம் ஊருக்குத் திரும்புவோம். 1980 நவம்பரில் பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகள் தமிழ்நாட்டில் ஒழிக்கப்பட்டன. அவற்றின் இடத்தில் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். தேர்வு எழுதி யாரும் ஆகலாம். எந்த அடங்கலை நம் பாட்டன் தொட முடியாதோ, அதை எழுதும் நாற்காலியில் இன்று நம் பெண்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த வேலைக்கான குரூப் 4 தேர்வில் 200 வினாக்களில் 25 வினாக்கள் திறனறிவும் மனக்கணக்கும் சார்ந்தவை, பத்தாம் வகுப்புத் தரத்தில். ஒரு மதிப்பெண்ணில் நூற்றுக்கணக்கானோர் நிற்கும் தேர்வில் 25 வினாக்களைக் கைவிட்டுவிட்டு நம் பிள்ளை எங்கே போகும்?

செயல்பாட்டாளர்களான நமக்கே இது எவ்வளவு தேவை என்றும் பாருங்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. துணைத்திட்ட நிதி அந்த அளவுக்கு ஒதுக்கப்பட்டதா என்று பார்க்க வரவு செலவுத் திட்டத்தில் 789 என்ற சிறு தலைப்பைத் துறைதுறையாகத் தேடிக் கூட்ட வேண்டும். 200 புள்ளி சுழற்சிப் பட்டியலில் 18 விழுக்காட்டுக்குரிய இடம் சரியாக வந்திருக்கிறதா, அதற்குள் அருந்ததியருக்குரிய 3 விழுக்காடு எங்கே என்று பார்க்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் பக்கம் பக்கமாக எண்களை அனுப்புகிறார்கள். அவற்றைப் படிக்க ஆளில்லாமல் கட்டுக்கட்டாக அலுவலகத்தில் வைத்திருக்கும் இயக்கங்களை நாம் அறிவோம். சமூகவியல் முதுகலையில் புள்ளியியல் தாளைப் பார்த்து அஞ்சிய மாணவர்களில் நாங்களும் உண்டு. இந்த அச்சம் பிறவியில் வந்ததல்ல.

ஆகவே பத்தாம் வகுப்பு வரை கணிதம் கட்டாயமாக இருக்கட்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. ஆனால் கட்டாயம் யார் மீது? இன்றைய நடைமுறையில் அது முழுக்கப் பிள்ளையின் தலையில் இருக்கிறது. ஆசிரியர் இல்லை என்றாலும் தேர்வு கட்டாயம். அடித்துச் சொல்லிக்கொடுத்தாலும், "இதெல்லாம் உங்க மண்டைக்கு ஏறாது" என்று சொல்லிக்கொடுத்தாலும் முப்பத்தைந்து கட்டாயம். 2009ஆம் ஆண்டின் இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தை எடுத்து எட்டாம் பிரிவைப் படியுங்கள். கட்டாயக் கல்வி என்ற சொல்லுக்கு அங்கே தரப்பட்ட பொருள், அரசின் கடமை என்பது. பிள்ளையைச் சேர்ப்பதும், வரச் செய்வதும், முடிக்கச் செய்வதும், தரமான கல்வி தருவதும் அரசின் பொறுப்பு. சட்டம் எட்டாம் வகுப்பு வரைதான் என்றாலும், "கட்டாயம்" என்ற சொல்லை இந்தப் பொருளில் பிடித்துக்கொள்ள நமக்கு இடமிருக்கிறது.

மன்றத்தின் மாவட்டக் கிளைகளுக்கு ஒரு வேலையை முன்வைக்கிறோம். உங்கள் ஒன்றியத்தில் ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி, ஊராட்சிப் பள்ளி, அரசு உயர்நிலைப் பள்ளி எதுவானாலும், ஆறு முதல் பத்து வரை கணக்குப் பாடத்துக்குப் பட்டதாரி ஆசிரியர் இருக்கிறாரா, பணியிடம் காலி என்றால் எந்த மாதத்திலிருந்து காலி, அந்த நாட்களில் அந்த வகுப்பை யார் எடுத்தார்கள் என்று எழுதி வாங்குங்கள். பள்ளிவாரியாக அட்டவணை போடுங்கள். அட்டவணையைப் பெரியவர்கள் போட வேண்டாம், மாலை மையத்தில் படிக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் போடட்டும். சராசரியும் விழுக்காடும் அவர்கள் பாடத்திலேயே இருக்கிறது. அக்டோபர் 2 கிராம சபைக்கு அந்தத் தாளோடு போங்கள்.